அண்ணனைக் குளிர்வித்திருந்தால் பிழைத்திருப்பாரா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. குடியாத்தத்தில் கைலி வியாபாரம். சென்ற மே மாதம், சிரசுத் திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால், விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 20 நிமிடம் ஆனது. மாரடைப்பு என்றார்கள். கரண்ட் ஷாக் கொடுத்ததும் இதயம் மறுபடி துடித்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 6 நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். கண் திறக்கவேயில்லை. ஏழாம் நாள் போய்விட்டார். உடம்பைக் குளிர்வித்தால் மூளை பிழைக்கும், பனிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண் அப்படித்தான் பிழைத்தார் என்று பிறகு ஒரு வீடியோவில் பார்த்தேன். அண்ணனுக்கு அதைச் செய்யவில்லை. கேட்காமல் விட்டது என் தப்பா? அண்ணியோ நேர் எதிராகச் சொல்கிறார். ஏசியில் நடுங்கிக் கிடந்தவருக்கு அவர் போர்த்திய போர்வையை நர்ஸ் எடுத்துவிட்டாராம், அந்தக் குளிர்தான் கொன்றதாம். போதாததற்கு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், துண்டான விரலை ஐஸில் போட்டு எடுத்துப்போனவர்களை டாக்டர் கடிந்துகொண்டார் என்கிறான். குளிர் நல்லதா, கெட்டதா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். உங்கள் அண்ணனைக் குளிர்வித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஏசி குளிரும் அவரைக் கொல்லவில்லை. நீங்கள் கேட்க மறந்தது எதுவும் இல்லை. அவருடைய கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் 20 நிமிடம், ஷாக், 6 நாள் திறக்காத கண் என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு நிறையச் சொல்லிவிடுகிறது.

இதே கேள்வியை 2005இல் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அந்த வருடங்களில் நானே ஐஸ் அடுக்கியவன்.

2002 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று ஐரோப்பாவில் நடந்தது, மற்றது ஆஸ்திரேலியாவில். இதயம் நின்று மறுபடி துடிக்கத் தொடங்கி, ஆனால் நினைவு திரும்பாதவர்களை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துப் பார்த்தார்கள். நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் சுமார் 90 முதல் 93. ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்கப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூளை நல்ல நிலையில் மீண்டார்கள், மற்றவர்களில் 39 சதவீதம். ஆஸ்திரேலிய ஆய்வில் மொத்தமே 77 பேர்தான் என்றாலும் அங்கேயும் 49 சதவீதத்துக்கு 26 சதவீதம் என்று வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. வெண்டிலேட்டர் பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தவர்களுக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்தது.

எங்களிடம் அதற்கென்று கருவி கிடையாது. கழுத்தின் இரு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் ஐஸ் பை வைப்போம். ஃப்ரிட்ஜில் வைத்த சலைனை ஏற்றுவோம். ஒரு ஏப்ரல் இரவில் ஐஸ் தீர்ந்துபோய்விட்டது. வார்டு ஊழியர் ஒருவர் சைக்கிளில் போய் ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி, கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்பக்கப் படியில் வைத்து அதை உடைத்துக்கொண்டிருந்தபோது, வராந்தாவில் படுத்திருந்த நோயாளியின் மகன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். கல்லூரி வயது இருக்கும். "அப்பா போய்விட்டாரா சார்?" என்றான். நம் ஊரில் ஒரு மனிதர் பக்கத்தில் ஐஸ் வைப்பது எப்போது என்று அவனுக்குத் தெரியும். அவனை உட்காரவைத்து விளக்க அரை மணி நேரம் ஆனது. அவன் அப்பா பிழைத்தார். குளிர்வித்ததால்தான் பிழைத்தார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. இதயம் நின்று 4, 5 நிமிடங்களில் மூளை செல்கள் சேதமடையத் தொடங்கும். பிறகு ரத்தம் மறுபடி ஓடினாலும் சேதம் அதோடு நிற்பதில்லை. பிராணவாயு இல்லாமல் திணறிய செல்களுக்குள் கால்சியம் புகும், நச்சு மூலக்கூறுகள் பெருகும், மூளை வீங்கும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இது நடக்கும். உடல் வெப்பம் 1 டிகிரி குறைந்தால் மூளையின் வேலைவேகம் 6, 7 சதவீதம் குறைகிறது. ஆகவே குளிர்வித்தால் இந்த இரண்டாம் கட்டச் சேதம் மெதுவாகும் என்பது கணக்கு.

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அரைத்த மாவை வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் பொங்கி வழியும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் புளித்துப் பொங்கிய மாவை ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்து என்ன பயன்? ஏற்கெனவே ஏறிய புளிப்பு இறங்காது. விலங்குகளில் நடந்த சோதனைகளில் சில நிமிடங்களில் குளிர்வித்தார்கள், நன்றாக வேலை செய்தது. மனிதர்களுக்கு அது வாய்க்கவில்லை. அந்த ஐரோப்பிய ஆய்விலேயே, இதயம் மீண்டும் துடித்ததிலிருந்து உடல் வேண்டிய அளவுக்குக் குளிர்ந்து முடிய பாதிப்பேருக்கு 8 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நீங்கள் வீடியோவில் பார்த்த பெண், 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடையில் விழுந்த ஸ்வீடன் நாட்டு மருத்துவர் அன்னா பாகன்ஹோமாகத்தான் இருக்கவேண்டும். பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் இருந்தார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். பிழைத்தார், நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவப் பணிக்கும் திரும்பினார். கதை முழுக்க உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்ததும் அவர் இதயம் நின்றுவிடவில்லை. பனிக்கும் நீருக்கும் நடுவில் சிக்கிய கொஞ்சம் காற்றைச் சுவாசித்துக்கொண்டு 40 நிமிடம் நினைவோடு இருந்தார். அந்த 40 நிமிடமும் உடல் குளிர்ந்துகொண்டே வந்தது. இதயம் நின்றபோது மூளை ஏற்கெனவே ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. இதய அறுவை சிகிச்சை செய்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பெருந்தமனியைச் சரிசெய்ய ரத்த ஓட்டத்தையே நிறுத்த வேண்டிவந்தால், முதலில் உடலை 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துவிட்டுப் பிறகுதான் நிறுத்துவார்கள். குடியாத்தத்தில், மே மாதத்தில், வாஷ்பேசின் முன்னால் சாய்ந்தவருக்கு அந்த வரிசை எப்படிக் கிடைக்கும்?

பிறகு வந்த பெரிய ஆய்வுகள் எங்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தன. 2013இல் 939 பேரை வைத்து 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021இல் இன்னும் பெரிதாக, 14 நாடுகளில் சுமார் 1,900 பேர். ஒரு பாதிப்பேரை 33 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள், மறுபாதிக்குக் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் குளிர்வித்தவர்களில் 50 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 48 சதவீதம். கூடவே, குளிர்வித்தவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு அதிகமாக வந்தது. அப்படியானால் 2002இல் தெரிந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அந்த ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்கப்படாதவர்கள் பலருக்கு உடல் சூடு ஏறியிருந்தது. குளிரின் நன்மை என்று நாங்கள் கொண்டாடியதில் ஒரு பங்கு, காய்ச்சலின் தீமை இல்லாமல் போனதாக இருக்கலாம். இன்னும் முழுதாகத் தீராத வழக்கு இது. ஷாக் கொடுத்துப் பயனில்லாத வகைத் துடிப்போடு வந்தவர்களில் குளிர்விப்பு சிறிது உதவியதாக 2019இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. இன்றும் சில இடங்களில் குளிர்விக்கிறார்கள், அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் செய்யாமல் விட்டதைக் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்றைத்தான்: காய்ச்சல் வரவிடாதே, 37.5ஐத் தாண்டவிடாதே.

இப்போது அந்தப் போர்வைக்கு வருகிறேன். 37.5 என்றால் நம் கணக்கில் 99.5. சாதாரணமாக அதற்கு ஒரு பாரசிட்டமால்கூடக் கொடுக்கமாட்டோம். அடிபட்ட மூளைக்கு அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கோடும் சுமை. உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடமும் மூளைக்குள்தான் இருக்கிறது, அதுவும் அடிபட்டிருக்கும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் சுலபமாக ஏறும். அந்த நர்ஸ் போர்வையை எடுத்தது உங்கள் அண்ணனின் மூளைக்காக. ஏன் எடுக்கிறேன் என்று அண்ணியிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது குறைதான், எங்கள் தொழிலின் பழைய குறை.

அண்ணி பார்த்த நடுக்கம் இன்னொரு விஷயம். இதயம் நின்று மீண்டவர்களுக்கு முகத்திலும் தோளிலும் கைகால்களிலும் வெட்டி வெட்டி இழுக்கும் ஒரு துடிப்பு வருவதுண்டு. அது மூளை அடிபட்டதால் தசைகளில் வருவது. பார்ப்பவர்களுக்கு அச்சு அசலாகக் குளிர் நடுக்கம் போலவே தெரியும். உண்மையான குளிர் நடுக்கமாகவே இருந்தாலும், அந்த ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் குளிரால் வாடிக்கொண்டிருந்தார் என்று அர்த்தமாகாது. இதை மட்டுமாவது அவரிடம் நீங்கள் வாசித்துக் காட்டவேண்டும். புருஷன் குளிரில் தவித்தார், தன்னால் ஒரு போர்வை கொடுக்க முடியவில்லை என்று ஒரு பெண் வருடக்கணக்கில் சுமந்துகொண்டிருக்கக் கூடாது.

குளிர் பயன்படும் இடமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்ததும் அழாமல், மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அது நிலைத்த சிகிச்சை. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றவேண்டும். இதில் நம் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. வெளிநாட்டுக் குளிர்விப்பு இயந்திரங்கள் வாங்கக் கட்டாதவை என்பதால், குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகி அதே நிலையிலேயே நிற்கும் ஒருவகை மெழுகு போன்ற பொருளை மெத்தையாக்கி, அதன்மேல் குழந்தையைக் கிடத்தும் முறையை சிஎம்சி மருத்துவர்கள் ஓர் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். மின்சாரம் போனாலும் கவலையில்லை. அங்கே 50 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களின் மூளை ஸ்கேனில் சேதம் குறைவாகத் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் என்ற பெருமையோடு இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளை வைத்து நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், மற்றவர்களில் 31 சதவீதம். மேல்நாட்டில் உயிர் காத்த அதே குளிர்! நம் பகுதிக் குழந்தைகளின் மூளைச் சேதம் பிரசவ நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறதோ என்ற கேள்வி அதிலிருந்துதான் வலுத்தது. எந்தக் குழந்தைக்கு என்று மருத்துவர்கள் இப்போது இன்னும் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் மகன் சொன்ன விரலுக்கு வருவோம். ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோலும் ஷூவும்தான் பிழைப்பு என்பதால், இந்தப் பக்கத்தில் எந்த மருத்துவரும் துண்டான விரலைப் பார்க்காமல் ஓய்வு பெற்றதில்லை. ஒரு முறை டிபன் பாக்ஸ் நிறைய ஐஸ் நிரப்பி, நடுவில் ஆள்காட்டி விரலைப் புதைத்துக் கொண்டுவந்தார்கள். வெளுத்து, விறைத்து, மெழுகு விரல் போல இருந்தது. தையல் போட ரத்தக் குழாயே மிஞ்சவில்லை. ஐஸ் நேராகப் பட்டால் சதைக்குள் இருக்கும் நீர் உறையும், செல்கள் கிழியும். அவர்கள் எண்ணத்தில் பிழையில்லை, அந்த விரலுக்குக் குளிர் வேண்டும், உறைவு கூடாது. சுத்தமான துணியைச் சலைனிலோ குடிநீரிலோ நனைத்துப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்கவேண்டும். அப்படி வந்தால் விரல் ஏறக்குறைய ஒரு நாள்கூடத் தாங்கும், வெறுமனே வந்தால் அதில் பாதி. மகனை அவர்கள் கம்பெனி முதலுதவிப் பெட்டிக்கு மேலே இதை எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

விரலுக்குப் பொருந்துவது முழு ஆளுக்குப் பொருந்தாது. நெடுஞ்சாலையில் அடிபட்டு ரத்தம் கொட்டிக் கிடப்பவர்மேல் சோடாவைத் தெளிப்பதும், தண்ணீரை ஊற்றுவதும் நம் வழக்கம். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, கசிந்துகொண்டே இருக்கும். அவருக்குத்தான் போர்வை வேண்டும். தலைக் காயத்துக்குக் குளிர் உதவுமா என்று பல காலம் ஆராய்ந்தார்கள். 2015இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் குளிர்விக்கப்பட்டவர்கள் நிலைதான் மோசமாக இருந்தது, 2018இல் வந்த இன்னோர் ஆய்வில் லாபம் ஏதும் இல்லை. மறுபக்கம், வெயிலில் வேலை செய்தவர் உடம்பு கொதிக்க, பேச்சு குழறி விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், வண்டி வரும்வரை தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். வேலூர் வெயிலில் தாராளமாகக் குளிர்விக்க வேண்டிய ஆள் அவர்தான்.

ஒன்று மிச்சமிருக்கிறது. நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதைச் சுற்றியே வருகிறது. அந்த 20 நிமிடம். உண்மையைச் சொல்கிறேன், உங்கள் அண்ணனின் மூளைக்கு நடந்தது பெரும்பாலும் அந்தக் காருக்குள் நடந்துவிட்டது. அப்போது யாராவது மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் ஊன்றி, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருந்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும். பிழைத்திருப்பார் என்று அப்போதும் உறுதி சொல்ல முடியாது. இதை உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளியில் சொல்லித்தரவில்லை, நாங்களும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வந்து சொல்லித்தரவில்லை. விடியற்காலையில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான் உங்களுக்குத் தெரிந்த வைத்தியம், அதைத் தாமதமில்லாமல் செய்தீர்கள். இனி யாருக்காவது இப்படி ஆனால், ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும், இன்னொருவர் அங்கேயே தரையில் கிடத்தி அழுத்தத் தொடங்கட்டும்.

உங்கள் வயதை எழுதவில்லை. ஆண்களுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்தால் அவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈசிஜி, இவற்றை இந்த மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், 20 வயது தாண்டியவர்களையும் அழைத்துப் போங்கள்.

— ஓய்வுபெற்ற தீவிர சிகிச்சை மருத்துவர், காட்பாடி